நடுப்பகலில் ஒரு மின்னல் பல்பு

என் கை ஏன் எழுந்தது? இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

கணவர் கப்பல் வேலைக்குப் போய்ப் பதினொரு மாதம். மகளை அவர் இன்னும் பார்க்கவில்லை. "பிள்ளைட முகமும், பின்னால நம்மட கடலும் தெரியிற மாதிரி ஒரு படம் அனுப்பு" என்று எழுதியிருந்தார். சிலாபத்துப் படக்காரர் எங்கள் உச்சமுனைத் தீவுக்கு வந்தது மதியப் படகில். அது திரும்புவதற்குள் எடுத்தாக வேண்டும்.

வெள்ளை மணல், வெள்ளைக் கடல், இரண்டுக்கும் நடுவே கோடே இல்லாத வெளிச்சம். நடக்கும்போது கால் தரையில் படுகிறதா என்றுகூடத் தெரியவில்லை. மகள் தலையில் ஞானஸ்நானத் தொப்பி. தகப்பன் இல்லாமல் நடந்த ஞானஸ்நானம். அந்தத் தொப்பியைப் படத்திலாவது அவர் பார்க்க வேண்டும் என்பது அவரைப் பெற்ற மாமியின் பிடிவாதம். அதன் அகன்ற விளிம்பு பிள்ளையின் முகத்தை நிழலாக்கியது. மரத்தடிக்குப் போனால் முகம் தெளியும், கடல் தெரியாது.

படக்காரர் பெட்டியிலிருந்து ஒரு பல்பை எடுத்தார். உலக யுத்த காலம், பல்புக்குத் தட்டுப்பாடு; அவரிடம் இருந்ததே அந்த ஒன்றுதான். ஒருமுறை மின்னினால் கருகிவிடும்.

மாமி சிரித்தார். "நடுப்பகல்ல விளக்கா, தம்பி? சூரியன் போதாதாமா?"

"சூரியன் கடலுக்கு, அம்மா. இது தொப்பிக்குள்ள இருக்கிற ஆளுக்கு."

"கண்ணுக்கு ஒன்றும் செய்யாதா?" நான் இரண்டு தடவை கேட்டேன்.

"ஒன்றும் செய்யாது, அக்கா. கண் சிமிட்ட முதல் முடிஞ்சிரும்."

நம்பினேன். பள்ளிக்கூடம் போனவள் மறுபடியும் கேட்பது வெட்கமாகவும் இருந்தது. அவர் மூன்று எண்ணினார். வெயிலுக்குள் இன்னொரு வெயில் சத்தமில்லாமல் பூத்தது. அதற்குள் என் உள்ளங்கை மகளின் கண்களை மூடியிருந்தது.

"அவ்வளவு வெளிச்சத்தையும் உங்கட கை குடிச்சிட்டுது, அக்கா" என்றார் படக்காரர். கோபிக்கவில்லை. பல்பு இல்லாமலே இன்னொன்று எடுத்துவிட்டுப் படகுக்கு ஓடினார்.

அவர் கழுவி அனுப்பிய இரண்டு படங்களும் இப்போது அலுமாரியில் இருக்கின்றன. ஒன்றில் கடல், தோணி, என் மோதிரம், விரல் மடிப்புகள்கூடத் தெளிவு; கைக்குக் கீழே பல்லில்லாத ஒரு சிரிப்பு. அந்த வாய் அப்படியே அவருடையது. மற்றதில் கையில்லை. தொப்பி அழகாக இருக்கிறது, அதற்குள் முகம் இருட்டு.

"தொப்பி தெரியுதெல்லா, அதை அனுப்பு" என்கிறார் மாமி. கை விழுந்த படத்தை அனுப்பினால், நான் எவ்வளவு பயந்தவள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். இருட்டுப் படத்தை அனுப்பினால், யாரோ ஒரு பிள்ளையைப் பார்ப்பார்.

இரண்டையும் அனுப்பலாமா என்றும் நினைக்கிறேன். ஞாயிறு பூசை முடிந்ததும் கடிதம் படகில் போக வேண்டும். பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்: அவர் முதலில் எதைப் பார்க்கட்டும்?