கடலைக் காட்டுக்கு வந்த ஹெட்மாஸ்டர்

என் வீட்டுக்காரர் இண்டூர்ப் பக்கம் சர்ச் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். எண்பதுகளின் நடுவில் அங்கே ஹெட்மாஸ்டர் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு இரண்டு பேர். ஒருத்தர் இவர். இன்னொருத்தி இவரைவிட இளையவள், கல்யாணமாகாத டீச்சர். ஃபாதர் யாரையும் உடனே போடவில்லை. ஆளுக்கு ஒரு மாதம் நடத்துங்கள், பார்க்கிறேன் என்றார்.

முதல் மாதம் இவருக்கு. சட்டைக்கு நான்தான் நீலம் போட்டுக் கொடுத்தேன். இவர் நல்லவர். லேட்டாக வந்த வாத்தியாரைக்கூட ஏன் என்று கேட்கமாட்டார். கடலை பிடுங்கும் காலம் வேறு. பாதிப் பிள்ளைகள் காட்டுக்குப் போய்விட்டார்கள். எங்கள் காட்டிலும் நாலைந்து பிள்ளைகள் காய் பறித்தார்கள். அவர்களைப் பார்த்தால் இவர் தலையைக் குனிந்துகொண்டு கிணற்றுப் பக்கம் போய்விடுவார்.

அடுத்த மாதம் அவளுக்கு. அன்றிலிருந்து வீட்டில் அவள் பேச்சுதான். குழம்பில் உப்பு சரியா என்று கேட்டால், "டீச்சர் இன்னைக்கு என்ன பண்ணாங்க தெரியுமா" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் பள்ளிக்கூட நேரத்தில் காட்டுக்கு வந்து நின்றார்.

"பசங்கள அனுப்பு."

"யாரு சொல்லி வந்தீங்க?"

"டீச்சர். வாத்தியாருங்க ஆளுக்கொரு பக்கம் போயிருக்கறோம். நீங்க எந்தக் காட்டுக்குப் போறீங்க சார்னு கேட்டாங்க. எங்க காட்டுக்குத்தான்னு சொன்னேன்."

"அப்ப காய யாரு பறிக்கறது? உங்க டீச்சரா?"

கூலிக்கு வந்த பெண்கள் சிரித்தார்கள். முன்பு என்றால் போயிருப்பார். போகவில்லை.

"சாயங்காலம் வந்து நான் பறிக்கறேன். பசங்க இப்ப வரணும்."

சத்தம் போடவில்லை. நின்றார், அவ்வளவுதான். பிள்ளைகள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்கள்.

"யக்கா, உங்க வூட்டுக்காரருக்குப் பேச்சு வந்துடுச்சே!" என்றாள் ஒருத்தி.

கல்யாணமான நாளிலிருந்து நான் இவரிடம் எதிர்பார்த்தது அந்தப் பேச்சைத்தான். திட்டிப் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். அவள் ஒரு கேள்வி கேட்டாள், வந்துவிட்டது.

ஃபாதர் அவளையே போட்டார். இவருக்கு வருத்தமே இல்லை. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

அதற்கப்புறம் அவள் இவரிடம் ஒவ்வொரு பொறுப்பாக விட்டாள். பெற்றோர் கூட்டம், பரீட்சை, இன்ஸ்பெக்டர் வந்தால் கூட இருப்பது. இரண்டு வருஷம் கழித்து அரூர்ப் பக்கத்து சர்ச் பள்ளிக்கூடத்துக்கு இவரை ஹெட்மாஸ்டராகப் போட்டார்கள்.

"நீங்க போயி கேட்டீங்களா?"

"இல்ல. டீச்சர்தான் ஃபாதர்கிட்ட எடுத்துச் சொன்னாங்களாம்."

நான் ஆசைப்பட்டது வந்தது. அவள் கையிலிருந்து வந்தது.

புறப்படும் அன்று அவள் வந்தாள். காபி கொடுத்தேன்.

"சார் இல்லாம எனக்குத்தான் கஷ்டம்க்கா."

"கஷ்டம்னா வேற ஆளப் பாத்துக்கம்மா."

அவள் சிரித்தாள். இவர் என்னை முறைத்தார்.

பஸ் கிளம்பியதும் இவர், "டீச்சர் சொன்னாங்க..." என்று ஆரம்பித்தார்.

"ஊர் வர்ற வரைக்கும் அந்தப் பேச்சு வேணாங்க" என்றேன்.

அரூர் போய்ச் சேரும்வரை இரண்டு பேரும் அவளைத்தான் நினைத்துக்கொண்டு போனோம்.