படம் எடுக்க ஒரு நிறுத்தம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் ரயில் நின்றது.

இதெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்கிறீர்களா? அப்படியானால் உங்கள் ஊரில் ரயில் நிற்கிறது என்று அர்த்தம். கொடுத்து வைத்தவர்கள்.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில், ஒரு பெயர்ப்பலகை, ஒரு குட்டி பிளாட்பாரம்... அவ்வளவுதான் எங்கள் ஹால்ட். திருவனந்தபுரம் போகிற காலை பாசஞ்சர் முன்பு அங்கே நின்றுகொண்டிருந்தது. கொரோனா வந்தபோது வண்டியே ஓடவில்லை. பிறகு வண்டி திரும்பி வந்தது, நிறுத்தம் மட்டும் திரும்பி வரவில்லை. இப்போது எங்களைக் கடக்கும்போது ஒரு ஹார்ன் அடித்துவிட்டுப் போகிறது. அந்த மட்டுக்கும் எங்கள் மேல் மரியாதை உண்டு.

ஏன் நிற்பதில்லை என்று கேட்டால் காரணம் தயாராக இருக்கும். நிறுத்தினால் நேரம் போகும், நிறுத்திக் கிளப்பினால் கரண்டு வீண், ஏறுகிற ஆட்களும் குறைவு. நியாயம்தானே? நிற்காத வண்டியில் எத்தனை பேர் ஏறிவிட முடியும்?

இப்படி இருக்கும்போதுதான் அந்தச் செய்தி வந்தது. புதுப்பிக்கப்பட்ட பழைய நீராவி எஞ்சின் ஒன்று, இரண்டு பெட்டிகளை இழுத்துக்கொண்டு எங்கள் வழியாகப் போகிறதாம். எங்கள் ஹால்ட்டில் பத்து நிமிஷம் நிற்கிறதாம். எதற்கு? போட்டோ எடுக்க! பக்கத்தில் குளம், கரையில் தென்னை, பின்னால் ரப்பர் தோட்டம்... பேக்ரவுண்ட் பிரமாதமாக இருக்கிறதாம்.

ஆளுக்கு நிற்காத வண்டி அழகுக்கு நிற்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மறுநாளே பக்கத்து வீட்டு சிந்து வந்தாள். திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் லேபில் டெக்னீஷியன். சர்க்கரை பார்க்க வருகிறவர்கள் விடிந்ததும் வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களுக்கு ரத்தம் எடுக்க இவள் போயாக வேண்டும். அந்த நேரத்தில் பாறசாலை ஸ்டேஷனுக்குப் போக பஸ் கிடையாது. தினமும் ஆட்டோ பிடித்தால் சம்பளம் ஆட்டோவுக்கே சரி. முதல் பஸ்ஸில் போய் நெய்யாற்றின்கரையில் மாறினால் லேட்.

“மாமா, பெரிய ஆபீசர் ஒருத்தர் அந்த எஞ்சினுக்க பின்னால பெட்டியில வாறாராம். எனக்கு ஒரு நிமிஷம் கிட்டினா போதும். அடுத்த மாசம் முதல் லேட்டா வந்தா வேண்டாம்ணு லேபில சொல்லியாச்சு. காலை பாசஞ்சர் பழையபடி இஞ்ச நின்னா எனக்க வேலையும் நிலைச்சு நிக்கும். நேரில பறஞ்சா கேப்பாருல்லா?”

“ஹாஸ்டல்ல தங்கப்பிடாதா மக்கா?”

“தங்கலாம். அம்மையை ஆரு பாக்கும்?”

வீட்டில் அம்மாவும் அவளும் மட்டும்தான். அம்மாவுக்கு முட்டுவலி, பிடித்துக்கொண்டுதான் நடப்பார். ஆபீசர் கட்டாயம் கேட்பார் என்று சொல்லி அனுப்பினேன். கேட்பார் என்றுதான் எனக்கும் தோன்றியது.

ஆனால் என் மச்சினன் சுகுமாரன் பிள்ளை இருக்கிறானே... செக்ரட்டேரியட்டில் வேலை பார்த்து ரிட்டயரானவன். ஹால்ட் பாதுகாப்பு சமிதிக்கு அவன்தான் தலைவன்.

“அத்தான், அங்கன நேரா போயி பறஞ்சா அது முறை இல்ல. யோகம் ஒண்ணு வைக்கணும் ஆக்கும்” என்றான்.

யோகம் என்றால் மூச்சுப் பயிற்சி இல்லை, பொதுக்கூட்டம். எங்கள் பக்கத்தில் இரண்டு பேர் சும்மா நின்றால் மூன்றாவது ஆள் வந்து யோகம் வைத்துவிடுவார். கிணறு வெட்டினால் யோகம், அதில் விழுந்த பூனையைத் தூக்கினாலும் யோகம். முதலில் ஈசுவரப் பிரார்த்தனை, அப்புறம் வரவேற்கும் சுவாகதம், தலைமை தாங்கும் அத்யட்சர் உரை, விளக்குக் கொளுத்தித் தொடங்கி வைக்கும் உத்காடனம். பின்னே ஆசம்சை. வாழ்த்துரைதான் -- கட்சிக்கு ஒன்று, சங்கத்துக்கு ஒன்று, ஒருவரை விட்டாலும் சண்டை. எல்லாம் முடிந்து, கடைசியில் நன்றி.

“பத்து நிமிஷத்துல இவ்வளவுமா?”

“எல்லாம் சுருக்கமா முடிச்சிரலாம் அத்தான்.”

“சிந்து எப்ப பேசுவா?”

“அவ சின்னப் பிள்ளையில்லா? நன்றி அவளுக்காக்கும். நன்றி சொல்லும்போ அதுக்க கூட விசயத்தையும் பறஞ்சிரட்டும்.”

“எலே, விசயமே அவளுக்க விசயம்தானலே. அவளை முதல்ல பேச விடு.”

“முதல்ல ஆராவது நன்றி சொல்லுவினுமா அத்தான்?”

முறைப்படி சரிதான். நானும் தலையாட்டிவிட்டேன். எனக்கும் ஒரு ஆசம்சை ஒதுக்கியிருந்தான் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பெருங்கடவிளை, காட்டாக்கடையிலிருந்தெல்லாம் ஜனங்கள் வந்துவிட்டார்கள். செண்டை மேளம் வேறு. தூரத்தில் புகை தெரிந்ததும் எல்லாக் கைகளிலும் போன் உயர்ந்தது. எஞ்சின் வந்தது. பொய் சொல்ல மாட்டேன், அவ்வளவு அழகு. கன்னங்கரேலென்று உடம்பு, துடைத்துப் பளபளத்த பித்தளை, நின்ற பிறகும் அடங்காத மூச்சு. என் கண்ணில் நீர் வந்துவிட்டது. கரித்தூள்தான். பக்கத்தில் நின்ற எல்லோருக்கும் வந்தது.

ஆபீசர் இறங்கினார். சிரித்த முகம். நல்ல மனிதர் என்று பார்த்தாலே தெரிந்தது. சிந்து ஒரு அடி முன்னால் வைத்தாள். அதற்குள் பிரார்த்தனை தொடங்கிவிட்டது.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு சரணத்தையும் விடாமல் பாடினார்கள். சுகுமாரன் வந்தவர்களை எல்லாம் பெயர் சொல்லி வரவேற்றான், வராதவர்களையும் சேர்த்து. அடுத்து நிலவிளக்கு. ஆபீசர் முதல் திரியைக் கொளுத்தினார். எஞ்சின் ஒரு பெருமூச்சு விட்டது. திரி அணைந்தது. மறுபடி கொளுத்தினார், மறுபடி அணைந்தது. “போதும் சார்” என்று யாராவது சொல்ல வேண்டாமா? விளக்கு எரியாமல் உத்காடனம் எப்படி ஆகும்? நாலு பேர் சுற்றி நின்று வேஷ்டியை விரித்து மறைக்க, ஐந்து திரியும் எரிந்த பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. டிரைவர் வாட்ச்சைப் பார்த்தார்.

பிறகு ஆசம்சைகள். ஆளும் கட்சிக்காரர் பேசியதை விட ஒரு வார்த்தையாவது கூடுதல் பேசாவிட்டால் எதிர்க்கட்சிக்காரருக்கு என்ன மதிப்பு? பேசினார். நானும் பேசினேன். சுருக்கமாகத்தான். அதைவிடச் சுருக்கமாகப் பேச முடியாதா என்று கேட்டால்... முடியும்.

பிளாட்பார ஓரத்தில் துப்பட்டாவின் நுனியைச் சுருட்டிக்கொண்டு சிந்து என்னைப் பார்த்தாள். நான் எஞ்சினைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேன்.

விசில் அடித்தது.

ஆபீசர், நாங்கள் போர்த்திய பொன்னாடையோடு எல்லோரையும் கும்பிட்டுவிட்டுப் பெட்டியில் ஏறினார். “சார்... சார்...” என்று சிந்து கூடவே ஓடினாள். அவர் திரும்பிப் பார்த்து, மிகுந்த அன்போடு கையசைத்தார். செண்டைக்காரர்கள் மும்முரமாக இருந்தார்கள். எஞ்சின் புகையை எங்கள் மேல் விட்டுவிட்டு, நெய்யாற்றின்கரைப் பக்கம் போய் மறைந்தது.

“அடுத்ததாக நன்றி, சிந்து” என்று மைக்கில் சுகுமாரன் குரல். நிகழ்ச்சி நிரல் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

அழுதுவிடுவாள் என்று பயந்தேன். அழவில்லை. மைக்கைப் பிடித்தாள்.

“பிரார்த்தனை பாடின பிள்ளைகளுக்கு நன்றி. சுவாகதம் சொன்ன மாமாவுக்கு நன்றி. ஆசம்சை பறஞ்ச எல்லா மாமாமாருக்கும் நன்றி. பின்னே, அந்த எஞ்சினுக்கும் ஒரு நன்றி உண்டு. நம்ம ஸ்டேஷன்ல வண்டி நிக்கும், நின்னா பின்னே கிளம்பியும் போவும்ணு இத்தற வயசுல அது காட்டித் தந்துச்சு. இத அந்த ஆபீசர்ட்ட பறயணும்ணு இருந்தேன். நேரம் கிட்டேல.”

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

சுகுமாரனுக்கு ஒரே பூரிப்பு. “நல்லா பேசினா அத்தான். இனி எல்லா யோகத்துக்கும் நன்றி இவளுக்குத்தான்.”

நேற்று சமிதி மறுபடி கூடியது. அந்த நீராவி எஞ்சின் வருஷம் ஒரு தடவையாவது எங்கள் ஹால்ட்டில் நிற்க வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானம். காலை பாசஞ்சரா? அது கடைசி விஷயமாக இருந்தது. அதற்குள் இருட்டிவிட்டது.

சிந்து வரவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொள்ளும்படி என் மனைவியிடம் சொல்லிவிட்டு, திருவனந்தபுரத்தில் ஹாஸ்டல் பார்க்கப் போயிருந்தாள்.

நன்றி சொல்ல ஆளில்லாததால், கூட்டத்தை எப்படி முடிப்பது என்று தெரியாமல் நாங்கள் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தோம்.