ஆட்டுக்கால் சாமியும் நானும்

என்னைவிடப் பெரிய பயந்தாங்கொள்ளியை நீங்கள் பார்த்திருக்க முடியாது. அதிலும் நான் வாய்விட்டுப் பயப்படுகிற ரகம்; வீட்டில் பல்லி விழுந்தால் தெருவுக்கே தெரியும்.

போன வாரம், 'பேனிக்' என்ற இங்கிலீஷ் வார்த்தை எங்கிருந்து வந்தது என்று மகள் கேட்டாள். போனில் தேடினேன். கிரேக்கர்களுக்கு பான் என்று ஒரு சாமியாம். ஆட்டுக்கால், கொம்பு, மேய்ச்சல் காட்டில் குடியிருப்பு. மத்தியானத் தூக்கம் கலைந்தால் ஒரு கத்து கத்துமாம். ஏன் ஓடுகிறோம் என்று தெரியாமலே மந்தை தறிகெட்டு ஓடுமாம். அந்தப் பயத்துக்குத்தான் அதன் பெயர். போனைக் கவிழ்த்து வைத்தேன். குருவிநத்தத்து வயலில் ஒருநாள் அந்தச் சாமி நான்தான்.

அப்போது பாகூரில் உரக்கடை வேலை. பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருப்பதாக எல்லார் போனிலும் வீடியோ சுற்றிய சமயம். குருவிநத்தத்து வயலில் உர மூட்டை இறக்கிவிட்டு மோட்டார் கொட்டகை நிழலில் தூங்கிப்போனேன். ஏதோ அழுகைச் சத்தம். விழித்தால், முகத்தில் துண்டு சுற்றிய ஒருவர் தோளில் சாக்கு. உள்ளே எதுவோ உதைக்கிறது.

"புள்ள புடிக்கிறவன்டோவ்! வுடாதீங்கடா!" என்று கத்தினேன்.

வயலில் வேலையாக இருந்தவர்கள் மண்வெட்டியும் இரும்புப் பைப்புமாக ஓடிவந்தார்கள். முதல் அடியில் அவர் வாய் கிழிந்தது. "ஆட்டுக்காரன்பா... கெட போட வந்தவன்..." ரத்தத்தில் குழறினார். பக்கத்து வயலில் அவர் மந்தை மூலைக்கொன்றாகச் சிதறியது. விழுந்த சாக்கிலிருந்து, அன்று பிறந்த குட்டி ஈரம் காயாமல் எழுந்து 'மே' என்றது. எல்லாரும் பார்த்தோம். அடி நிற்கவில்லை. கரும்பு ஒடிவதுபோல விலா எலும்பு ஒடிந்தது.

"இன்னாடா, காட்டிக் குடுத்தவன் நீயே சும்மா நிக்கிற?" என்றான் ஒருவன்.

செருப்பைக் கழற்றி நானும் ஒன்று போட்டேன். அது அவர் கண்ணில் விழுந்தது.

புல் அறுத்துக்கொண்டிருந்த கனகா அக்கா அவர்மேல் குப்புற விழுந்துதான் நிறுத்தினாள். "கண்ணு அவிஞ்சி பூடுச்சாடா? ஆட்டுக்குட்டிடா அது! மொதல்ல என்ன வெட்டுங்கடா!"

நான் மொபெட்டை எடுத்துக்கொண்டு ஓட்டம். ஆட்டுக்கால் எனக்கு அப்போதுதான் முளைத்தது.

எருவுக்காக வயலில் ஆடு மடக்குகிற கிடை அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வரவே இல்லை. அறுத்த வயல்களில் புழுக்கை வாசனை போய், யூரியா வாசனைதான்.

முந்தாநாள் வில்லியனூருக்கு அந்த ஆட்டுக்காரரைத் தேடிப் போனேன். மந்தை போய்விட்டது, டீக்கடையில் டம்ளர் கழுவுகிறார். ஒரு கண் வெளுத்திருந்தது. "பயத்துல கத்திட்டேண்ணே" என்றேன். வெட்கமில்லாமல் பான் சாமி கதையையும் சொன்னேன்.

முழுசாகக் கேட்டுவிட்டு, டம்ளரைக் கவிழ்த்தார்.

"கத்துனது பயம். அடிச்சது இன்னா?"