பாடைச்சுழி மாடு

இராஜபாளையத்தில் வீடு, ஸ்ரீவில்லிபுத்தூர் முன்சீப் கோர்ட்டில் நகல் எழுதும் வேலை. ரயில் எங்கள் பக்கம் இன்னும் வரவில்லை. இந்த வேலைக்கு முன் மதுரையில் ஒரு பத்திரிகை ஆபீசில் இருந்தேன். செய்திக்காக அலைந்து பழகிய கால்கள்தான் என்றாலும், தினமும் போக வர நடந்தால் எழுத உட்காரும்போது உடம்பில் ஒன்றும் மிஞ்சாது. வாடகை வண்டிக்காரர்களோ ஆள் சேராமல் கிளம்ப மாட்டார்கள். சொந்தமாக ஒரு பழைய ஒற்றை மாட்டு வண்டி வேண்டும் என்று தேட ஆரம்பித்தேன்.

வண்டி கோர்ட்டுக்கு மட்டும் அல்ல. மனைவி கர்ப்பமாக இருந்தாள். முதல் பிள்ளை பிறந்த அன்றே போய்விட்டது. அப்போது பிரசவம் பார்த்தவளை இந்தத் தடவை வாசலில் ஏற்றக் கூடாது, ஸ்ரீவில்லிபுத்தூர் மருத்துவச்சிதான் வர வேண்டும் என்று அவள் பிடிவாதமாக இருந்தாள். அந்த மருத்துவச்சியும் சம்மதித்திருந்தாள். வலி கண்டால் அவளை நான் நேரத்தில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். எனக்கு அது ஒன்றே சிந்தனை. ராத்திரி உணவுக்கு உட்கார்ந்தாலும் கால் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும்.

வண்டி சீக்கிரம் கிடைத்தது. புதிதாகக் கீல் பூசிப் பளபளவென்று நின்ற வண்டிகளை ஒதுக்கிவிட்டேன். கீலுக்கு அடியில் வெடிப்பு இருந்தால் தெரியாது. பஞ்சு வியாபாரி ஒருவருடைய வண்டி வெயிலில் வெளுத்து அழுக்காக நின்றது. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டேன், ஆடாமல் சுற்றியது. அச்சு நேராக இருந்தது. கூண்டுப் பாய் கிழிந்திருந்ததைப் பற்றிக் கவலைப்படவில்லை.

மாடுதான் கிடைக்கவில்லை. கைக்கு எட்டிய விலையில் இருந்தவை ஒன்று நொண்டின, இல்லையென்றால் படுத்தன. கடைசியில் ஒரு மாட்டுத் தரகர் என்னை வன்னியம்பட்டிக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு சம்சாரி வீட்டில் நின்ற மயிலைக் காளையை நடத்திப் பார்த்தோம். பல் சரி, குளம்பு சரி, நடை தண்ணீர் ஓடுகிற மாதிரி. விலை மட்டும் பாதி.

"ஏன் இம்புட்டு மலிவா தாராரு?" என்று கேட்டேன்.

தரகர் அதன் முதுகைத் தடவிக் காட்டினார். தண்டுவடத்துக்கு இரு பக்கமும் மயிர் சுழன்றிருந்தது. "பாடைச்சுழி. இது நிக்க வீட்டுல இருந்து ஒரு பாடை கெளம்பும்பாவ. நீரு படிச்சவரு, ஒமக்கு என்ன? நாலு கால் இருக்கா, நடக்குதா, அம்புட்டுதான?"

நானும் அப்படித்தான் நினைத்தேன். வாங்கிக்கொண்டு தெருவுக்குள் வந்தபோது மனைவி வாசலில் நின்று மாட்டைப் பார்த்தாள். முதுகைப் பார்த்தாள். வயிற்றில் கை வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பிறகு சொன்னாள்: "மாடு இருக்கட்டும். நம்ம வாசல்ல நிக்க வேண்டாம்."

ஊர்க்கடைசியில் இருந்த புளியமரத்தடியில் கட்டினேன். அன்று முதல் தினமும் நேரத்துக்குக் கோர்ட்டுக்குப் போனேன், வெளிச்சம் இருக்கும்போதே திரும்பினேன். அந்தக் காளை ஒரு நாள்கூடத் தகராறு செய்ததில்லை. ஆனால் திரும்பும்போது தெருமுனையில் என் கண் முதலில் வீட்டு வாசலுக்குத்தான் ஓடும். ஆட்கள் கூடி நிற்கிறார்களா என்று பார்க்கும். எனக்குச் சுழியில் நம்பிக்கை இல்லை. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

எதிர்பார்த்ததற்கு முன்பே ஒரு விடியற்காலையில் வலி கண்டது. பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மாளைத் துணைக்கு வைத்துவிட்டு வண்டியைப் பூட்டினேன். வெயில் ஏறுமுன் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தேன். மருத்துவச்சி மூட்டையோடு வெளியே வந்தாள். ஏறப் போனவள் ஏறாமல் மாட்டைச் சுற்றி வந்தாள்.

"மாடு ஒம்மதா, இல்ல ஆகாதவன் எவனும் கட்டி விட்டானா?"

"என்னுதுதான் ஆச்சி. ஏறுங்க, நேரமில்ல. நல்லாப் போகும்."

"போகும். எங்க போகும்னுதான் கேக்கேன். பேறுகாலத்துக்குக் கூப்பிடப் பாடையைக் கட்டிக்கிட்டு வந்திருக்கீரே, கூறு இருக்கா ஒமக்கு?"

கெஞ்சினேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இதுக்குப் பொறத்தால உக்காந்து வந்து, அங்க ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா ஊரு என்னையத்தான் பேசும். ஒம்ம மாட்டையா பேசும்? பொறவு எவ என்னைய வீட்டுக்குள்ள விடுவா?"

எதிர்வீட்டு நெல் வியாபாரியிடம் அவளே போய், ஜோடி மாட்டில் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தாள். வெள்ளைக் காளை, குற்றம் சொல்ல ஒரு சுழி இல்லை. "வலத்தை மாடு, சோடியிலதான் ஓடும். பாத்து ஓட்டும்" என்றார் வியாபாரி. என் காளையைத் தெருவுக்கு வெளியே ஒரு மரத்தடியில் கட்டிவிட்டுப் புறப்பட்டோம்.

அவர் சொன்னதன் அர்த்தம் ஊரைத் தாண்டியதும் புரிந்தது. நுகத்தில் எப்போதும் வலப்பக்கமே நின்று பழகிய மாடு அது. இடப்பக்கம் ஒரு துணை இருந்தாக வேண்டும். தனியாகப் பூட்டியதும் இல்லாத துணையைத் தேடி இடது பக்கமாகவே சாய்ந்துகொண்டு போனது. கயிற்றை இழுத்தால் நின்றது. விட்டால் ஓரத்துப் பள்ளத்துக்குப் போனது. ஒரு தடவை சக்கரம் இறங்கியேவிட்டது. நான் தோள் கொடுத்துத் தூக்கினேன். வீட்டில் என்ன நடக்கிறதோ என்ற பதைப்பில் அடிக்கக் கம்பை ஓங்கினேன்.

"அடிக்காதீரும். நான் எறங்குதேன்," என்றாள் மருத்துவச்சி.

"என்ன செய்யப் போறீக?"

"சோடி சேரப் போறேன்."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மாட்டின் இடப்பக்கம் போய், திமிலில் ஒரு கையை வைத்து நடந்தாள். காளை ஒரு முறை திரும்பி அவளைப் பார்த்தது. பிறகு நூல் பிடித்தாற்போல் நேராக நடந்தது. அவளுக்கு ஓட்டத் தெரியாது, அதனால் நான் இறங்கி மாற முடியவில்லை. படிக்காத மாட்டுக்கும் படித்த எனக்கும் சேர்த்து அவள் நடந்தாள்.

பருத்திக் காட்டில் நின்ற ஒருவன் கத்தினான்: "ஏ ஆச்சி, நொகத்தையும் தூக்கிக் கழுத்துல வையி!"

"ஒம் பொண்டாட்டி பேறுகாலத்துக்கு ஆள் அனுப்புலே, அன்னைக்கு வச்சுக்கிடுதேன்!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உச்சி வெயிலில் வீடு வந்து சேர்ந்தோம். தெலுங்குக்கார அம்மாள் வாசலில் நின்று இரண்டு கைகளையும் வீசி அழைத்தாள். பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. மருத்துவச்சி காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். நான் மாட்டை அவிழ்த்தேன். கட்டினேன். கட்டியது சரியில்லை என்று மறுபடி அவிழ்த்தேன். உள்ளே மனைவியின் குரல் ஏறி, நின்று, மறுபடி ஏறியது. பிறகு நீண்ட நேரம் ஒன்றும் கேட்கவில்லை. கயிறு கையில் அப்படியே இருந்தது.

மெல்லிய அழுகை ஒன்று கேட்டது. நிற்காமல் கேட்டது.

"பொம்பளப் பிள்ள. ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்ல," என்று மருத்துவச்சி வெளியே வந்து சுவரோரம் உட்கார்ந்தாள்.

பாடை மாடு இன்று ஊரில் இல்லை, அதனால்தான் நல்லபடியாக முடிந்தது என்று தெலுங்குக்கார அம்மாள் தெருவுக்கே சொன்னாள். நான் உள்ளே போய் மனைவியிடம், "அந்த மாட்டை வித்துரட்டுமா?" என்று கேட்டேன்.

அவள் கண்ணைத் திறக்காமல் சொன்னாள்: "வித்துட்டு? இருட்டுல நடந்து வாற ஒங்களுக்காகத் தெனமும் நான் தெருவைப் பாத்துக்கிட்டு நிக்கவா? அது புளியமரத்தடியிலயே கெடக்கட்டும்."

வெளியே மருத்துவச்சி தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டும் வீங்கி, ஒன்றில் ரத்தம் கசிந்தது.

"இந்த வெள்ளையை நடத்திக் கொண்டுபோயி ஒப்படைச்சிட்டு, ஒம்ம மாட்டை ஓட்டியாரும். நாளைக்கு அதுலயே என்னைய விட்டுரும்."

"ஆச்சி, அது பாடைச்சுழி…"

"பேறு பாத்தாச்சுல்ல? இனி எனக்கு என்ன? எனக்குக் கால் இல்லய்யா. வாசல்ல மட்டும் நிறுத்தாதீரும். முக்குல நிறுத்தும், நான் வாரேன்."

மறுநாள் காலை தெருமுனை வரை நொண்டி வந்தாள். மாட்டின் முதுகைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏறினாள். ஊர் எல்லை தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள்.