பறக்க ஏலாத வெட்டுக்கிளி

புல்லுக்குள் இறங்குமுன் றோஸ்மலர் வெயில் எந்தப் பக்கம் என்று பார்ப்பார். தன் நிழல் முன்னால் விழாதபடி சுற்றிப் போய்க் குந்துவார். நிழல் பட்டால் வெட்டுக்கிளி வாயை மூடிவிடும் என்பார். உடனே, "வாயாலையோ பாடுது? காலாலையெல்லோ!" என்று தன்னையே திருத்திக்கொள்வார். பின்னங்காலைச் செட்டையில், அதாவது சிறகில், தேய்க்கும் சத்தம் அது. சீப்புப் பல்லில் நகத்தை இழுத்துப் பார்த்தால் ஏறக்குறைய அப்படித்தான் கேட்கும்.

இடம், லண்டனில் பார்க்கிங் (Barking) என்ற பகுதியில் ஒரு கத்தோலிக்கக் கோயில் மண்டபத்தின் பின்புறம். பூசை முடிந்து எல்லோரும் தேநீருக்குப் போக, இவர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு புல்லுக்குப் போவார். கணவர் கிறிஸ்துநாயகம் காருக்குள் இருந்து ஹோர்ன் அடிப்பார்.

"சனம் பாக்குது, எழும்பும்!"

"பாக்கட்டும். நான் என்ன களவோ எடுக்கிறன்?"

கிழமை நாட்களில் ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை. நீராவி இரைச்சலுக்குள் கத்தித்தான் கதைக்கவேண்டும். அங்கேயும் இதே கதைதான்: வெட்டுக்கிளிக்குக் காது தலையில் இல்லை, வயிற்றுப் பக்கத்தில். கேட்ட பெண்கள் சிரித்தால் கோபம் வரும். லைப்ரரிப் புத்தகங்களில் பூச்சிப் படம் பார்த்துப் பழகியவர், சொன்னால் சொன்னதுதான். ரோசா நிறத்தில் ஒன்று கண்டால் மட்டும் "என்ரை பேர்க்காரி" என்று தானே சிரிப்பார்.

இத்தனை தெரிந்தவர் நாக்கால்தான் கெட்டார். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, ஆகஸ்டில் வரும் மடு மாதா பெருநாளுக்குப் புல்லை வெட்டுவதா என்று கோயில் கூட்டத்தில் பேச்சு வந்தது. றோஸ்மலர் எழுந்தார். "வெட்டாதேங்கோ. அங்கை நிறைய வெட்டுக்கிளி இருக்கு."

சனம் ஆளையாள் திரும்பிப் பார்த்தது. ஊரையே தின்று தீர்க்கும் படைக்கும், புல்லில் தத்தும் இந்தச் சிறிசுக்கும் ஆங்கிலத்தில் வேறு வேறு பெயர். நமக்கோ இரண்டும் வெட்டுக்கிளிதான். எகிப்து நாட்டை மூடிய வெட்டுக்கிளி பற்றிய பைபிள் வாசகத்தைக் கேட்டு வளர்ந்த சனம் வேறெதை நினைக்கும்? பெருநாள் பொறுப்பாளர் செபமாலைமுத்து மன்னாரில் வயல் செய்தவர்; மண்டபத்தின் பின்னால் போஞ்சி அவரைக்கொடி நட்டிருப்பவர். "அப்ப மருந்துதான் அடிக்கவேணும்" என்றார்.

"ஸ்நாபக அருளப்பர் வனாந்தரத்திலை சாப்பிட்டது, அண்ணை!" என்றார் றோஸ்மலர்.

"அப்ப பெருநாளுக்குப் பொரிப்பமோ?" என்று பின்வரிசையில் பெர்னடெற் கேட்க, கூட்டம் சிரித்தே முடிந்தது. றோஸ்மலருக்குச் சிரிப்பு வரவில்லை. ஆகஸ்டில்தான் அவை மண்ணுக்குள் முட்டை இடும். தாய்கள் குளிருக்கு முன் செத்துப்போகும். சித்திரையில் குஞ்சு வரும். இப்போது மருந்து விழுந்தால் வருகிற வருசம் அந்தப் புல்லில் சத்தமே இராது. அன்று அவர் சோறு தின்னவில்லை.

அடுத்த ஞாயிறு செபமாலைமுத்து குழாய் வைத்த மருந்துப் போத்தலைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். றோஸ்மலர் வழியை மறிக்கவில்லை, அழவுமில்லை. குனிந்து ஒன்றைப் பிடித்தார்.

"செட்டையைப் பாருங்கோ அண்ணை. அரைவாசிதான். இதுக்குப் பறக்கவே ஏலாது. எங்கையிருந்து படை எடுக்கிறது? புல்லைத்தான் தின்னும், உங்கடை போஞ்சியைத் திரும்பியும் பாராது."

"எனக்கு ஒண்டும் தெரியேல்லைப் பிள்ளை. பச்சையாய் ஏதோ கிடக்கு."

றோஸ்மலர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவர் முகத்தில் மாட்டிவிட்டார். உள்ளங்கையில் இருந்ததை அவர் கைக்கு மாற்றினார். செபமாலைமுத்து வாயைத் திறந்தபடி குனிந்தார். கண்ணாடி இல்லாமல் தன் கையே மங்கலாகத் தெரிய, றோஸ்மலர் தடவித் தடவி மருந்துக் குழாயின் முனையைக் கண்டுபிடித்தார். ஒரு துளியும் புல்லில் விழாதபடி அதைப் பொத்திப் பிடித்துக்கொண்டு, அவர் நிமிரும்வரை அப்படியே நின்றார்.