அவர் முகத்தில் ஏறிய நீலம்

வலது கண்ணில் புரை எடுத்து, கட்டைப் பிரித்து வீட்டுக்கு வந்த அன்று எங்கள் ஹால் சுவர் வெள்ளையாக இருந்தது. பெயின்ட் அடித்தபோதும் வெள்ளைதான். ஆனால் அது பழுத்து மஞ்சளாகிவிட்டது, மறுபடி அடிக்க ஆளைக் கூப்பிடுங்கள் என்று ஒரு வருஷமாக என் கணவரை நச்சரித்துக்கொண்டிருந்தேன். வெள்ளையாகத்தானே இருக்கிறது என்று அவர் ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். துறைமுகத்தில் கணக்கு எழுதினவருக்கு நிறத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டு வாயை அடைத்துவிட்டேன். இப்போது வலது கண்ணை மூடினால் சுவர் மஞ்சள், இடது கண்ணை மூடினால் வெள்ளை. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்று சும்மாவா சொன்னார்கள்?

வேறு யாராவது என்றால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். நான் சந்தோஷப்படவில்லை. நான் எண்ணெய் வண்ணத்தில் முகங்கள் வரைகிறவள். பூஜோவுக்கு, இந்த வங்காள ஊரின் துர்கா பூஜைக்கு, முன்னால் டாலிகஞ்சில் ஒரு சின்ன ஹாலில் என் படங்களை மாட்டுவதாக ஏற்பாடாகியிருந்தது. அறுபதைத் தாண்டின பிறகு முதல் கண்காட்சி. மாட்டப்போகிற அத்தனை முகமும் பழைய கண்ணோடு வரைந்தவை. சுவரே பொய் என்றால் அந்த முகங்கள் என்ன கதியில் இருக்கின்றனவோ, அதுதான் என் பயம்.

பால்கனியை ஒட்டின சின்ன அறைதான் என் ஸ்டூடியோ. டர்பன்டைன் வாடை, தூசி, குனிவது எல்லாவற்றையும் டாக்டர் தடை செய்திருந்தார். நிலைப்படியில் நின்று எட்டிப் பார்க்கக் கூடாது என்று அவர் சொல்லவில்லை.

படம் வரைகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்கிற புத்திமதிகள் உண்டு. வடக்குப் பார்த்த ஜன்னல் கிடைத்தால் வாடகை கொஞ்சம் கூட என்றாலும் விடாதீர்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரு முகத்தை முடிக்காதீர்கள், காலையில் எழுந்து பார்த்து அழுவீர்கள். இந்த ஊர் மழைக்காலத்தில் எண்ணெய் லேசில் காயாது. கான்வாஸைச் சுவரோடு ஒட்டி வைத்தால் முதுகில் பூஞ்சை பூத்துவிடும், காற்றுப் போக இடம் விடுங்கள். கீழே மெல்லிய பூச்சு, மேலே போகப் போக எண்ணெய் கூட; மாற்றிச் செய்தால் வெடிக்கும். இதையெல்லாம் நானும் ஒழுங்காகச் செய்தேன். தூரிகையைக் கழுவுகிற அக்கறையில் பாதியை என் கண்ணுக்குக் காட்டவில்லை. நான் போனதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே கண் டாக்டரிடம் போங்கள் என்று இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன், கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

நிலைப்படியில் நின்று இடது கண்ணைப் பொத்திக்கொண்டு படங்களைப் பார்த்தேன். பௌதி, அதாவது அண்ணி, என்று நாங்கள் கூப்பிடுகிற கீழ் வீட்டு வங்காளிப் பெண்ணின் முகம், குளிர்ந்த தண்ணீரில் ரொம்ப நேரம் நின்றவள் மாதிரி வெளுத்து நீலம் பாய்ந்திருந்தது. மற்ற முகங்களும் அப்படித்தான். எல்லாவற்றையும்விட மோசம், நடுவில் இருந்த என் கணவரின் படம். நான் வரைந்ததில் நல்ல படம் அதுதான் என்று நினைத்திருந்தேன். அதில் அவர் கன்னம் சாம்பல், உதடு நாவல்பழம் தின்ற உதடு, மடியில் வைத்திருந்த கைகளில் நகமெல்லாம் ஊதா.

எதிரில் ஆளை உட்காரவைத்து வரைந்திருந்தால் இந்த அளவுக்குப் போயிருக்காது. ஆளும் படமும் ஒரே மஞ்சள் கண் வழியாகத்தானே தெரியும், ஏறக்குறைய பொருந்திப் போயிருக்கும். நான் ஆளை உட்காரவைக்க மாட்டேன். தலையைச் சொறிவார்கள், டீ கேட்பார்கள். முகம் மனசில் இருக்கிறது, அது போதும் என்கிற திமிர் எனக்கு. மனசில் இருந்த நிறம் வண்ணத் தட்டில் வரவில்லை. எதைக் குழைத்தாலும் மஞ்சளடித்தது. அந்த மஞ்சளைக் கொல்லக் கொஞ்சம் அல்ட்ராமரின் நீலம், அப்புறம் இன்னும் கொஞ்சம். அப்படியே கொஞ்சம் கொஞ்சமாக எல்லோரையும் நீலமாக்கி வைத்திருக்கிறேன்.

கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவது அவர் வேலை. நாற்காலியில் என்னை அண்ணாந்து உட்காரவைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, ஏதோ வெடிகுண்டைத் தொடுகிறவர் மாதிரி விடுவார். அன்று மத்தியானம் அவர் முகம் என் புதுக் கண்ணுக்கு நேர் மேலே வந்தது. நல்ல மாநிறம். கண்ணோரம் எனக்குத் தெரியாமல் நிறையச் சுருக்கம் விழுந்திருந்தது. உதடு உதடாகத்தான் இருந்தது.

அவர் சமையலறைக்குப் போனதும் நான் டாக்டரை மறந்துவிட்டு உள்ளே போய் மஞ்சள் காவியும் பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பும் எடுத்து மூடியைத் திருகினேன். அந்த நாவல்பழ உதட்டையாவது இப்போதே மாற்றிவிட வேண்டும். பதறாத காரியம் சிதறாது என்று அடுத்தவருக்குச் சொல்ல மட்டும் எனக்குத் தெரியும். திரும்பி வந்தவர் ட்யூபை என் கையிலிருந்து வாங்கி, மூடியைத் திருகி, பெட்டிக்குள் வைத்தார்.

எனக்கு அப்போது வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. புதுக் கண்ணுக்குக் கொஞ்ச நாள் எல்லாம் கூடுதல் நீலமாகத் தெரியலாம், மூளை பழக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் முகம் மாநிறமாகத் தெரிந்ததுகூடப் பழகின முகம் என்பதாலோ என்னவோ. அப்படியானால் எது நிஜம்? படம் நீலமா, என் கண் நீலமா? ஒரு கண் மஞ்சள் பொய், மற்றது நீலப் பொய் என்றால் இனிமேல் எதை நம்பித் தூரிகையைத் தொடுவது? வீட்டில் சந்தேகமில்லாத கண் அவருடையதுதான். இரண்டிலும் புரை எடுத்துப் பல வருஷம் ஆகிறது.

ஆனால் அவரிடம் நான் படத்தைப் பற்றிக் கேட்டதே இல்லை. இந்த அறையில் எனக்கு ஒரு சட்டம் உண்டு. படத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. ஒரு தடவை, மூக்கு கொஞ்சம் கோணலோ என்று கேட்டுவிட்டார். அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை. அதோடு அவர் ஸ்டூடியோவுக்கு வந்தால் பார்ப்பார், தலையை ஆட்டுவார், போய்விடுவார். முகத்தில் ஒன்றும் காட்டமாட்டார்.

"உண்மையைச் சொல்லுங்க. இந்தப் படத்துல நீங்க என்ன நிறம்?"

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். "நீலம்தான்."

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். வரைந்து முடித்த நாளிலிருந்து என்றார். அவர் சொல்லாததற்கு என் சட்டம்தான் காரணம் என்று நானே நினைத்துக்கொண்டேன். அவர் சொன்னது அது இல்லை.

"நீ பார்த்ததைத்தானே வரைவே. எனக்குத் தெரியாதது ஏதோ உனக்குத் தெரியுதுன்னு நினைச்சேன். ரத்தம் சரியா ஓடலைன்னா உதடும் நகமும் நீலமாகும்னு சொல்வாங்கல்ல."

ஜாதவ்பூரில் பழைய ஆபீஸ் நண்பரைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு படம் முடிந்த பிறகு அடிக்கடி போனாரே, அங்கே நண்பரும் இல்லை ஒருவரும் இல்லை. இதய டாக்டரிடம் போயிருக்கிறார். ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை, நடக்கவைத்து ஒரு பரிசோதனை. ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறீர்கள் என்று அந்த டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"அப்புறமும் பயந்தீங்களா?"

"மெஷினுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு தோணிச்சு."

போன வருஷம் மழையில் ஒரு நாள் என்னை உட்காரவைத்து, போனில் கரன்ட் பில் கட்டுவது எப்படி, கேஸ் புக் பண்ணுவது எப்படி, பேங்கில் என்ன எங்கே இருக்கிறது என்று விடாமல் சொல்லிக்கொடுத்தார். வரைகிற நேரத்தில் இதென்ன இம்சை, நீங்கள் எங்கே போகப்போகிறீர்கள் என்று எரிந்து விழுந்தேன். காலையில் பால்கனியில் நின்று விரல் நகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதும் அப்போது ஆரம்பித்த பழக்கம்தான். ரிடையரானவர்களுக்கு நகம்கூடப் பொழுதுபோக்கு என்று பௌதியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவர் பின்னால் நின்றுகொண்டு அதைக் கேட்டு, அவரும் சிரித்தார்.

எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. புதுக் கண்ணில் தண்ணீர் வந்தால் கெடுதலோ என்று அவர் பதறிப்போய்ப் பஞ்சைத் தேட ஆரம்பித்துவிட்டார். அதைப் பார்த்து இன்னும் அழுதேன்.

ஹால்காரர்களிடம் சொல்லிக் கண்காட்சியை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவிட்டேன். இடது கண்ணுக்கு இன்னும் தேதி கிடைக்கவில்லை. டாக்டர் அனுமதி கொடுத்ததும், ஜன்னலை விரியத் திறந்து, இடது கண்ணில் ஒரு கறுப்புத் துணியைக் கட்டிக்கொண்டு, அவரையே எதிரில் உட்காரவைத்து மறுபடி ஆரம்பித்திருக்கிறேன். தலையைச் சொறிகிறார், டீ கேட்கிறார். தப்பாகத் தெரிந்தால் உடனே சொல்லுங்கள் என்று புதுச் சட்டம் போட்டிருக்கிறேன். காது பெரிசாக இருக்கிறது என்றார். உங்கள் காதே அவ்வளவுதான் என்றேன். ஒவ்வொரு தடவை அந்த உதட்டுக்கு நிறம் குழைக்கும்போதும் கை தயங்குகிறது, நீல ட்யூபை எடுத்துப் பெட்டியின் அடியில் போட்டிருந்தும்.

நேற்றுக் காலையில் அவர் பால்கனியில் நின்று மறுபடி நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாலேயே போய் எட்டிப் பார்த்தேன்.

"நல்லா சிவப்பா இருக்கு. உள்ள வாங்க."

அவர் கையை மடக்கவில்லை. "எந்தக் கண்ணால சொல்றே?"

நான் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, அவர் கையை வாங்கி, வெளிச்சத்தில் ஒவ்வொரு விரலாகப் பார்த்தேன்.