டம்ளர் கையில் ஏறிய பிறகு

எதிர் டீக்கடையில் எல்லார் கையிலும் டம்ளர் ஏறிவிட்டதா என்று பத்திரம் எழுதித் தரும் பத்திரக்காரம்மா ஜன்னல் வழியே பார்க்கிறார். எழுத வந்த பெரியவரின் மகன் வாங்கிவிட்டார். மருமகனும் வாங்கிவிட்டார். மருமகள் மட்டும் பிஸ்கட் ஜாடிக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருக்கிறார். அவரும் ஒன்றை எடுத்து டீயில் நனைத்த பிறகுதான் பத்திரக்காரம்மா இந்தப் பக்கம் திரும்புகிறார். மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் பெரியவரைப் பார்த்து அப்போதுதான் வாயைத் திறக்கிறார்.

"சூடா டம்ளர் கையில இருந்தா காது இங்க இருக்காது. இப்ப பேசுங்க பெரியவரே."

பத்திரப் பதிவு அலுவலகத்தை ஒட்டிய சந்தில் ஒற்றை அறை. ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், எழுதிக் கொடுக்க வருபவருக்கு ஒரே ஒரு நாற்காலி. கூட வரும் சொந்தபந்தம் உட்கார வேண்டுமென்றால் டீக்கடை பெஞ்சுக்குத்தான் போக வேண்டும். இன்னொரு நாற்காலி வாங்கக் கூடாதா என்று கேட்காத ஆளில்லை. "வாங்கினா உக்காந்துடுவாங்களே" என்பார். சந்தில் அவருக்கு 'வெளியிருங்கம்மா' என்று பட்டப்பெயர். அது அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது. கோபமில்லை, உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

பத்திரம் எதுவானாலும் கடைசியில் ஒரு வரி வரும். யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி, நல்ல சுயநினைவோடு, முழு மனதுடன் எழுதிக் கொடுக்கிறேன் என்று. மற்ற எழுத்தர்கள் குழம்புக்கு உப்புப் போடுவதுபோல் அதைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். அலுவலகத்திலும் கேட்பார்கள். "சம்மதம்தானே?" என்று அதிகாரி நிமிராமல் கேட்கும்போதே முத்திரை பாதி வழி இறங்கியிருக்கும். "சட்டம் கேக்கத்தான் செய்யுது. பதில் வர்ற வரைக்கும் நிக்க அதுக்கு நேரமில்லை" என்பார் பத்திரக்காரம்மா.

சம்மதம்தானா என்று அவர் கேட்பதே கிடையாது. அந்தக் கேள்விக்கு இந்த உலகத்தில் எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். அவர் கேட்பது வேறு.

"கையெழுத்து போடலைன்னா இன்னைக்கு எங்க படுப்பீங்க?"

பெரியவர் பொக்கை வாயைத் திறந்து சிரிக்கிறார். "என் கட்டில்லதான். எவன் கேப்பான் என்னை?" பத்திரக்காரம்மாவும் சிரித்துக்கொண்டே தட்டச்சு செய்யத் தொடங்குகிறார். எல்லாரும் இப்படிச் சிரிப்பதில்லை. சிலர் ஜன்னலைப் பார்ப்பார்கள். சிலர் சேலைத் தலைப்பைத் திருகுவார்கள். அவர்களுக்கு அவர் எழுதிக் கொடுப்பதில்லை. "கையை முறுக்கினாதான் கட்டாயமா? சோத்துத் தட்டைக் கொஞ்சம் தள்ளி வெச்சாலும் கட்டாயம்தான்."

இதற்காக அவரைத் தேன் ஒழுகும் ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். கட்டாயத்தை ஒழிக்கப் பிறந்த இந்த அம்மா வீட்டில் போடும் அதட்டலுக்குப் பூனைகூட மதில்மேல் நிற்காது. சர்க்கரை வியாதிக்காரக் கணவரைத் தினமும் காலையில் போர்வையை உருவி நடக்கத் துரத்துகிறார். "யாருடைய வற்புறுத்தலும் இன்றி நடக்கப் போறேன்னு எழுதித் தரட்டுமா?" என்று கேட்டபடியே கணவர் செருப்பைத் தேடுவார். "முதல்ல நடங்க, அப்புறம் எழுதலாம்" என்று பதில் வரும்.

போன வருடம் ஒரு செல்வாக்கான வீட்டாரைத் திருப்பி அனுப்பினார். மறுவாரமே அவர் அறைவாசல் கூரை ஆக்கிரமிப்பு என்று ஆட்கள் வந்து பிய்த்துப் போட்டார்கள். மதிய வெயில் இப்போது நேராக மேசைமேல் விழுகிறது. அவர் மேசையை நகர்த்திக்கொண்டாரே தவிர கேள்வியை மாற்றிக்கொள்ளவில்லை.

கூரை போன பிறகு ஒருநாள் வந்தவர் அந்தப் பகுதியின் கட்சிக்காரர். கடையடைப்பு என்று அவர் சொன்னால், சொல்லி முடிப்பதற்குள் ஷட்டர்கள் இறங்கிவிடும். வேனில் நாலு ஆட்கள், கூடவே தங்கை. கல்யாணமாகாமல் அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட, தையல் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் தங்கை. அம்மா வீட்டில் தனக்குள்ள பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுக்க வந்திருந்தார். பத்திரம் தயாராக மேசைமேல் இருந்தது, அந்தக் கடைசி வரி மட்டும் இல்லாமல்.

"வெளிய இருங்க. டீ சொல்லியிருக்கேன்."

"நான் டீ குடிக்கிறதில்லைம்மா."

"அப்ப பால் சொல்றேன்."

கட்சிக்காரர் சிரித்தார். "உங்க லைசென்சு அடுத்த மாசம் புதுப்பிக்கணும் போல. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. பால் ஆறிடும், போங்க."

அவர் போனார். ஆனால் டம்ளரைத் தொடாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜன்னலையே முறைத்தபடி நின்றார். பத்திரக்காரம்மாவும் வாயைத் திறக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். லைசென்சு போனால் இந்த அறையும் போகும், பிழைப்பும் போகும். அதனால்தான் இவ்வளவு துடைப்பு. டீக்காரர் டம்ளரை நீட்டிக்கொண்டே நின்றார், தெருவே வேடிக்கை பார்த்தது. நாலு பேர் பார்க்க நீட்டிய டம்ளரை மறுக்கக் கட்சிக்காரருக்குக் கூச்சமாகிவிட்டது. வாங்கிக்கொண்டார்.

"கையெழுத்து போடலைன்னா இன்னைக்கு எங்க படுப்பீங்கம்மா?"

"என் முழு மனசோடதான் அண்ணனுக்கு..." என்று சொல்லிக்கொடுத்த பாடத்தைத் தொடங்கிய தங்கை பாதியில் நின்றார். "கூட வேலை செய்யறவ ஒருத்தி இருக்கா. எத்தனை நாள் வேணா வந்து இருடின்னுதான் சொல்றா."

"அப்புறம் என்ன?"

"என் பெட்டி வேன்ல இருக்குங்க. காலையிலயே ஏத்திட்டாங்க. கையெழுத்து போட்டா பெட்டி வீட்டுக்குத் திரும்பும், இல்லைன்னா போற வழியில ஆத்துலன்னு அண்ணன் சொல்லிட்டார். அம்மா படம், என் துணி, எல்லாம் அதுலதான்."

பத்திரக்காரம்மா பேனாவை மூடினார்.

"எடுத்துட்டு வரவா? நீங்க சொன்னாதான்."

தங்கை ஜன்னல் வழியே வேனைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "நீலப் பெட்டி. தாழ்ப்பாள் சரியில்லை, அடியில கை குடுத்துத் தூக்குங்க."

பத்திரக்காரம்மா தெருவைக் கடந்தார். டீ குடித்துக்கொண்டிருந்தவர்களை "கொஞ்சம் நகருங்க" என்று விலக்கி, டீக்கடையோரம் நின்ற வேனின் கதவை இழுத்துத் திறந்தார். நாலு ஆட்களும் அண்ணன் முகத்தைப் பார்த்தார்கள். அண்ணன் கை நீட்டித் தடுக்கப் பார்த்தார். நீட்டிய கையில் தளும்பத் தளும்பப் பால் இருந்தது. அது புறங்கையில் கொட்டி, அவர் உதறிக்கொண்டு டம்ளரை எங்கே வைப்பது என்று இடம் தேடுவதற்குள் நீலப் பெட்டி தெருவைக் கடந்துவிட்டது.

மூச்சு வாங்க உள்ளே வந்த பத்திரக்காரம்மா அதைத் தரையில் இறக்கவில்லை. மேசைமேல் விரித்துக் கிடந்த பத்திரத்தின்மேலேயே பெட்டியை வைத்தார்.